மலையகக் காட்டுப் பாதைகளில் நடப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பிறந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். வீட்டுக்குப் பின்னால் தேயிலை மலை, அதற்கு மேலே ஒரு துண்டுக் காடு. அந்தக் காட்டோரப் பாதையில் முப்பது வருஷமாக நடக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளும் கூட வருகிறார்கள். அவர்களும், அவர்களுடைய பெற்றோரும், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து வரும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நம்ம மலையில் பருவகாலம் என்று ஒன்று இருக்கிறதா? வருஷம் முழுக்க ஒரே பச்சையாகத்தானே இருக்கிறது?

இருக்கிறது. ஆனால் இலை உதிர்வதை வைத்து அதைத் தேடினால் கிடைக்காது. இங்கே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் பருவம். வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலைப் பக்கத்து மலைகளில் மோதி மழையைக் கொட்டுகிறது. மலைமுகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்றில் ஈரம் இல்லை. வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைக்காரர்கள் அதைக் கச்சான் என்பார்கள். நாங்கள் குடையோடு நிற்கும் ஆடி மாதத்தில் அங்கே புல்வெளி காய்ந்து கிடக்கும், தீயும் பிடிக்கும். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குக் காற்று வரும்போது முறை மாறிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பதுளை ரயிலில் ஏறுங்கள். பட்டிப்பொலை தாண்டி ஒஹியவுக்கு முன்னால் ஒரு சுரங்கம் வரும். ஆனி, ஆடியில் மழையோடும் மூட்டத்தோடும் உள்ளே போகிற ரயில், பல நாட்களில் மறுமுனையில் வெயிலில் வெளியே வரும். பிள்ளைகளுக்குப் பருவக்காற்றைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது.

எந்த மாதத்தில் எதைப் பார்க்கலாம்?

மேற்குச் சரிவை, அதாவது ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தை வைத்துச் சொல்கிறேன். ஊவாக்காரர்கள் மழை மாதங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தையும் மாசியும் நடப்பதற்கு மிக நல்ல மாதங்கள். இரவில் குளிர் கடுமையாக இருக்கும். நுவரெலியாப் பள்ளங்களில் உறைபனி விழுந்து விடியற்காலையில் புல் வெள்ளையாகத் தெரியும், பனி அடித்த கொழுந்து கருகிப்போகும். பகலில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். வெளிநாட்டுப் பறவைகள் எல்லாம் வந்து இடம் பிடித்திருக்கும். சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறுகிற காலமும் இதுதான். மார்கழிப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி வெசாக் வரை நடக்கும் அந்த யாத்திரையே மலையில் மழை குறைந்த மாதங்களைத் தழுவித்தான் அமைந்திருக்கிறது.

பங்குனி, சித்திரையில் காலையில் வெயில், பின்னேரத்தில் இடியோடு மழை. முள்முருங்கை இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும். அதில் தேன் குடிக்க மைனாவும் சின்னானும் அணிலும் வரும். ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் நின்றால் போதும். காட்டு மரங்களில் தளிர் விடுவதையும் இப்போது கவனிக்கலாம். நம் காட்டில் பல மரங்களின் இளந்தளிர் பச்சையாக வருவதில்லை. செம்பு நிறத்திலும் இரத்தச் சிவப்பிலும் வந்து, பிறகுதான் பச்சையாகும். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் பூ என்று நினைப்பார்கள். வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகப் பறந்துபோகும் நாட்களும் இந்த மாதங்களில் உண்டு. சிவனொளிபாதமலைக்குச் சிங்களத்தில் சமனல கந்த என்று ஒரு பெயர். சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி.

வைகாசியிலிருந்து மழை, மூட்டம், அட்டை, தவளை. பலர் அந்த நாட்களில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நான் போவேன். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

புரட்டாசி எனக்குப் பிடித்த மாதம். எங்கள் அப்பாயி கொழுந்து பறித்துக் கை காய்த்தவர், எழுத்துத் தெரியாது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒரு சின்னக் குருவி வாலை ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டால், "வாலாட்டி வந்திருச்சு, இனி மழ கொறையும்" என்பார். சாம்பல் முதுகும் மஞ்சள் வயிறும் கொண்ட அந்த வாலாட்டி வடக்கே தொலைதூரத்திலிருந்து முதலில் வந்து சேரும் பறவைகளில் ஒன்று. தென்மேற்கு மழை அடங்கத் தொடங்கும்போது அது நம் ஓடைகளுக்கு வருகிறது. அப்பாயி சொன்னது சரி.

ஐப்பசி, கார்த்திகை இடிமழை மாதங்கள். நடை குறையும், கவனம் கூட வேண்டும்.

எங்கே நடக்கலாம்? காட்டுக்குள் போக அனுமதி வேண்டுமா?

இடத்தைப் பொறுத்தது. ஹோர்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. கட்டணம் கட்டி, குறித்த பாதையில் மட்டும் நடக்க வேண்டும். வாசலிலேயே பொலித்தீன் பைகளை எடுத்துவிடுவார்கள். அது மிகச் சரியான காரியம். சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. ஹக்கலையில் தாவரவியல் பூங்காவுக்குள் தாராளமாகப் போகலாம். அதற்குப் பின்னால் எழும் மலைக்காடு கடுமையாகப் பாதுகாக்கப்பட்டது, அங்கே ஏறக்கூடாது. சீதையம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் ஹக்கலைப் பூங்காவில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வரலாம். கருமந்திகள் அங்கே ஆளுக்குப் பழகியவை.

நுவரெலியா நகரத்துக்குள்ளேயே விக்டோரியா பூங்காவும் கல்வேஸ் லேண்ட் காடும் இருக்கின்றன. கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகலே, அப்புத்தளையில் தங்கமலை. வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக இவை போதும்.

ஆனால் நான் முதலில் சொல்வது உங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கும் துண்டுக் காட்டைத்தான். தோட்டத்துப் பாதையில் நடப்பதற்கு முன் அலுவலகத்திலோ கங்காணியிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அன்றைக்கு மருந்து அடிக்கிறார்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: தேயிலை சரிவெல்லாம் ஏறி வந்து ஓரிடத்தில் நிற்கும், அதற்கு மேல் காடு தொடங்கும். முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக மலை மொட்டையடிக்கப்பட்ட காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவைக்க வேண்டும் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை சொன்னார். உச்சிகளில் காடு மிஞ்சியதில் அந்த ஆலோசனைக்குப் பங்கு உண்டு. மேலே அந்தக் காடு இருப்பதால்தான் நம் பீலிகளில் தண்ணீர் வருகிறது. டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரங்களும் பைனஸும் நட்ட இடங்களைக் காடு என்று எண்ணி ஏமாறாதீர்கள். பத்து நிமிஷம் நின்று கேளுங்கள். அங்கே குரல்கள் மிகக் குறைவு.

காட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடந்தேன். ஒன்றுமே கண்ணில் படவில்லை. ஏன்?

நடந்ததால்தான். நாம் நடக்கும் சத்தம் நமக்கு முன்னால் போகிறது. காட்டுக்கு நடுவே போவதைவிட, காடும் தேயிலையும் சந்திக்கும் ஓரத்திலோ ஓடைப் பக்கத்திலோ ஒரு கல்லில் இருபது நிமிஷம் அசையாமல் உட்காருங்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். பிள்ளைகள் உட்கார மாட்டார்கள் என்று பெற்றோர் சொல்வதுண்டு. மாட்டார்கள்தான். ஒரு தடவை கருமஞ்சள் மலையணில் தலைக்கு மேல் கிளை தாவுவதைப் பார்த்துவிட்டால் அடுத்த வாரம் அவர்களே உட்காருவார்கள்.

நேரம் முக்கியம். காலை ஆறு முதல் எட்டு வரை நல்ல நேரம். அதற்குப் பிறகு பறவைகள் அடங்கிவிடும். இலங்கையின் சீழ்க்கைப் பூங்குருவி போன்றவை விடியலிலும் மாலை மங்கும்போதும் மட்டும் ஓடையோரத்தில் கூர்மையாக ஒரு சீழ்க்கை அடித்துவிட்டு மறைந்துவிடும். கரிய நீல நிறம், தோளில் ஒரு நீலப் பளபளப்பு. இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பல வருஷங்கள் ஆயின. அதற்கும் முன்பே அதன் குரல் எனக்குத் தெரியும்.

ஆகவே கண்ணுக்கு முன் காதைப் பழக்குங்கள். எச்சரிக்கைக் குரல்களைப் பிடிக்கத் தெரிந்தவருக்குக் காடு பாதி புரிந்துவிடும். கருமந்திக் கூட்டம் காலையில் கரகரத்த குரலில் நீளமாகக் கத்துவது, இது எங்கள் இடம் என்று பக்கத்துக் கூட்டத்துக்குச் சொல்வது. அதே மந்தி கீழே பார்த்தபடி குட்டையாக, விட்டு விட்டுக் குரைத்தால் கீழே ஏதோ நடமாடுகிறது. மரை (கடமான்) ஒற்றைக் குரலில் உரக்க அலறி, காலைத் தரையில் அடித்தால் சிறுத்தையின் வாடை அதற்கு எட்டியிருக்கலாம். அப்போது முன்னே போகாதீர்கள், நின்றுவிடுங்கள்.

நிலத்தையும் பாருங்கள். உழுத மாதிரிப் புரண்டு கிடக்கும் மண் காட்டுப்பன்றியின் வேலை. சேற்றுக் குழியும் பக்கத்து மரத்தில் இடுப்பளவு உயரத்தில் பூசிய சேறும் இருந்தால் அது மரை புரளும் இடம். பாதை நடுவே முடி நிறைந்த, காய்ந்து வெளுத்த எச்சம் கிடந்தால் சிறுத்தை அந்த வழியாகப் போய்வருகிறது. பாசி பிடித்த மரத்தண்டுகளையும் விடாதீர்கள். மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு வைத்த ஓணான் ஒன்று நுவரெலியா, ஹக்கலை, ஹோர்டன் சமவெளிக் காடுகளில் இருக்கிறது. அது அசையாமல் இருக்கும்வரை கண் பக்கத்தில் இருந்தாலும் தெரியாது.

வெளிநாட்டுப் பறவைகள் எப்போது வரும், எங்கே பார்ப்பது?

புரட்டாசி முதல் வரத் தொடங்கி சித்திரையில் திரும்பிப் போகும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் ஒரு சின்ன ஈப்பிடிப்பானைத் தேடி வெளிநாட்டவர்கள் கழுத்து வலிக்க நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது காஷ்மீர் ஈப்பிடிப்பான். காஷ்மீர் மலைகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு இலங்கை மலைகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் வருகிறது. ஆண் பறவைக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள், அதற்குக் கறுப்புக் கரை. மாநகர சபைப் பூங்காவில், பஸ் நிலையத்தின் இரைச்சல் கேட்கும் தூரத்தில், இமயத்துப் பறவை ஒன்று ஆறு மாதம் நம்மோடு வாழ்ந்துவிட்டுப் போகிறது. நமக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆறுமணிக்குருவியையும் எதிர்பார்க்கலாம். பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் சேர்ந்த குட்டை வால் பறவை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். ஐப்பசி வாக்கில் கடல் தாண்டி வந்த களைப்பில் சில நேரம் விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள்ளேயே வந்து விழும். பிடித்துக் கூட்டில் போடாதீர்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டிக்குள் இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்து, தெளிந்ததும் மரத்தடியில் விட்டுவிடுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

அட்டைக்கு என்ன செய்வது?

நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, சப்பாத்திலும் காலுறையிலும் சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்துவிடுங்கள். கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதான். கடித்துவிட்டால் நகத்தால் வழித்து எடுத்துவிட்டுக் காயத்தைக் கழுவுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம்.

எங்கள் தோட்டத்தில் புலி நடமாட்டம் இருக்கிறதாம். நடக்கப் போகலாமா?

நாம் புலி என்கிறோம். இலங்கையில் இருப்பது சிறுத்தை, வரிப்புலி இங்கே கிடையாது. நம் சிறுத்தை இந்தத் தீவுக்கே உரிய வகை. துண்டுக் காட்டிலும் தேயிலைக்குள்ளும் அது நடமாடுவது உண்மைதான். பெரும்பாலும் இரவில், நம் கண்ணில் படாமல். விடியலுக்கு முன்னும் இருட்டிய பின்னும் காட்டோரம் தனியாக நடக்காதீர்கள். பேசிக்கொண்டு கூட்டமாகப் போங்கள். எதிரே கண்டுவிட்டால் ஓட வேண்டாம், குனிய வேண்டாம். முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். குட்டிகளைக் கண்டால் தொடாமல், படம் எடுக்க நிற்காமல் உடனே விலகுங்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும். தேயிலைச் செடிக்கடியில் கிடந்ததைப் பூனைக்குட்டி என்று தூக்கி வந்த கதை எங்கள் தோட்டத்திலும் உண்டு.

எனக்குச் சிறுத்தையைவிடக் கம்பிதான் பயம். பன்றிக்கும் மரைக்கும் என்று பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டு வைக்கிறார்கள். அதில் பன்றி மட்டும் விழுவதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்தில் சுருக்கோடு கண்டெடுக்கப்பட்டது. அத்தனை அபூர்வமான விலங்கு. சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் செத்துப்போனது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து நடக்கும்போது பாதையோரத்தில் கம்பி தெரிகிறதா என்றும் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு வனஜீவராசிகள் அலுவலகத்துக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். விலங்கு சிக்கியிருந்தால் கிட்டப் போகாதீர்கள், கூட்டம் சேரவும் விடாதீர்கள். சுருக்குப் போடுபவர் நம் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அவரிடம் பேசுவதும் நம் வேலைதான்.

குளவிக்கு எப்படித் தப்புவது?

இது விளையாட்டில்லை. குளவி கொட்டி நம் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் உயிரிழப்பதும் நடக்கிற விஷயம். நாம் குளவி என்பதில் பெரிய மலைத்தேனீயும் அடங்கும். பூக்காலம் பார்த்து இடம் மாறி வந்து பாறையிலும் உயரமான கிளையிலும் கூடு தொங்கவிடும். நடக்கத் தொடங்குமுன் தோட்டத்து ஆட்களிடம் கேளுங்கள். எந்த மலையில் கூடு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். வாசனைத் திரவியம் போடாதீர்கள், கல் எறியாதீர்கள், கீழே நெருப்பு மூட்டாதீர்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், கட்டடத்துக்குள் போகும்வரை நிற்க வேண்டாம். பல இடங்களில் கொட்டியிருந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நெலு பூ என்கிறார்களே, அது குறிஞ்சியா?

குறிஞ்சியின் உடன்பிறப்பு. தமிழ்நாட்டு மலைகளிலும் மூணாறிலும் 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் நம் நெலுவும் ஒரே பேரினம். நெலுவில் பல இனங்கள் உண்டு. சில இனங்கள் பல வருஷம் பூக்காமல் காட்டின் அடித்தளத்தில் புதராக நின்று, ஒரே நேரத்தில் பூத்து, விதைத்து, பட்டுப்போகும். பூக்கும்போது தேனீக்கள் குவியும், விதை விழும்போது காட்டுக்கோழிகள் கூட்டமாக வரும். பிறகு அந்த இடம் வெளிச்சமாகி, புதிய நாற்றுகள் எழும். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று வகுப்பில் படித்த நாம், அந்தப் பூவின் உறவுக்காரியை நம் மலையிலேயே வைத்துக்கொண்டு பெயர் தெரியாமல் தாண்டிப் போகிறோம். பூத்த வருஷத்தை எழுதி வையுங்கள், பிள்ளைகளுக்கு உதவும். பறிக்காதீர்கள்.

குரங்குக்கும் மரைக்கும் சாப்பாடு கொடுக்கலாமா?

கூடாது. ஹோர்டன் சமவெளி வாசலில் பிஸ்கட்டுக்குப் பழகிய மரை பொலித்தீனையும் விழுங்குகிறது. கருமந்தி இலை தின்று செரிக்கும் வயிறு உடையது. பாண் அதற்கு நோய்.

மழைக்காலத்தில் நடப்பதில் என்ன இருக்கிறது?

தவளைகள் இருக்கின்றன. இலங்கையில் 100க்கும் மேற்பட்ட தவளை இனங்கள், பெரும்பாலானவை இங்கு மட்டுமே உள்ளவை. அவற்றில் நகம் அளவே உள்ள புதர்த்தவளைகள் மாலை மழைக்குப் பிறகு தேயிலைக்குள்ளிருந்தும் காட்டோரச் செடிகளிலிருந்தும் 'டிக், டிக்' என்று தட்டும். பூச்சி என்றே பலர் நினைக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குளம் வேண்டாம். ஈர மண்ணில் முட்டையிடும், தலைப்பிரட்டையாக நீந்தும் கட்டமே இல்லாமல் முட்டைக்குள்ளிருந்து குட்டித் தவளையாகவே வெளிவரும். மலையில் மண் ஈரமாக இருக்கும்வரைதான் அதற்கு வாழ்வு. காடு வெட்டினால் முதலில் அடங்குவது இந்தக் குரல்தான். காளானும் இந்த மாதங்களில் முளைக்கும். பாருங்கள், படம் எடுங்கள். பெரியவர்கள் உறுதியாகக் காட்டாத எதையும் சமைக்க வேண்டாம்.

ஆனால் விடாமல் மழை பெய்த நாட்களில் சரிவில் நடக்காதீர்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது வற்றுவது, இவற்றைக் கண்டால் நடையை விட்டுவிட்டு ஊருக்குச் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். ஒரே பாதையில் வருஷக்கணக்காக நடப்பவர் கண்ணுக்குத்தான் இந்த மாற்றங்கள் முதலில் தெரியும்.

தொலைநோக்கி, கேமரா எல்லாம் வாங்க வேண்டுமா?

இருந்தால் நல்லது. இல்லாமலும் நடக்கலாம். நான் முதல் பத்து வருஷம் வெறுங்கண்ணால்தான் பார்த்தேன். ரெயின்கோட், தண்ணீர், கொப்பி, பென்சில் போதும். மழையில் பேனா மை கரைந்துவிடும்.

கொப்பியில் என்ன எழுதுவது? பறவைப் பெயர்களே தெரியாதே.

பெயர் பிறகு வரும். தேதி, நேரம், மழையா வெயிலா, காற்று எந்தப் பக்கமிருந்து, எந்த மரம் பூத்தது, எது தளிர்த்தது, என்ன குரல் கேட்டது. இவ்வளவுதான். பறவையைக் கண்டால் பருமன் (மைனா அளவா, சிட்டு அளவா), வாலின் நீளம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். தோட்டத்தில் வழங்கும் பெயர்கள் பல புத்தகத்தில் இல்லை. சொல்பவர்கள் போய்விட்டால் பெயரும் போய்விடும். அப்பாயி சொன்ன பெயர்களில் நான் எழுதி வைத்தவை பதினேழுதான், கேட்டவை அதைவிட நிறைய.

ஒரே பாதையை எடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை போங்கள். என் கொப்பியில் பீலிக்கரை வாலாட்டி வந்த நாள் வருஷாவருஷம் இருக்கிறது. போன ஞாயிறு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னை முந்திக்கொண்டாள். "மாமா, நான் வெள்ளிக்கிழமையே பார்த்திட்டேன்" என்று அவளுடைய கொப்பியைக் காட்டினாள். இந்த வருஷத்துத் தேதியாக அதைத்தான் எழுதியிருக்கிறேன்.